வலி வேறு, கலோரி வேறு

தசை வலித்தால்தான் கொழுப்பு கரைகிறது என்றும், டிரெட்மில் காட்டும் கலோரிக்கு ஏற்றபடி சாப்பிடலாம் என்றும் உங்கள் உடற்பயிற்சிக் கட்டுரையில் இருக்கிறது. இரண்டையும் தயவுசெய்து திருத்துங்கள் ஐயா.

நான் டர்பனில் இருக்கிறேன். ஜிம்மில் அரை மணியில் 4 கிலோமீட்டர் ஓடினால் மெஷின் 390 கலோரி காட்டும். என் எடையை அது கேட்டதே இல்லை! ஓடும்போது கிலோமீட்டருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1 கலோரி செலவாகும். எனக்கு 68 கிலோ. அப்படியானால் 270 சொச்சம்தான். அந்த 390ஐ நம்பி ராத்திரி கூடுதலாக ஒரு ரொட்டி சாப்பிட்ட மாதங்களில் எடை அசையவே இல்லை. கைக்கடிகாரமும் அப்படித்தான். 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்த ஏழு கருவிகளில் மிகத் துல்லியமானதே சராசரியாக 27 சதவீதம் பிசகியது.

அப்புறம் வலி. கடற்கரை நடைபாதை சமதளம், அங்கே எவ்வளவு ஓடினாலும் எனக்கு ஒன்றும் செய்யாது. சாட்ஸ்வொர்த் மேட்டிலிருந்து இறங்கி ஓடிய மறுநாளோ, மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. அதில் ஏற்படும் நுண்ணிய சேதம்தான் வலிக்குக் காரணம், லாக்டிக் அமிலம் அல்ல. அந்த அமிலம் ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். அதே பாதையில் மூன்று வாரம் ஓடியபின் வலி நின்றுவிட்டது. கலோரிச் செலவு நிற்கவில்லையே?

கடும் வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். அதையும் கட்டுரையில் சேருங்கள்.