சன்னம் பொருந்தவில்லை என்றால் வேறு துவக்கு என்று அர்த்தமா?

1968இல் அமெரிக்க செனட்டர் ரொபேர்ட் கென்னடி கொலையானார்; சிர்ஹான் என்பவர்தான் சுட்டார் என்று தண்டிக்கப்பட்டார். அந்தக் கொலையில் "சிர்ஹானின் துவக்கு இல்லை என்று 1975இல் நிபுணர்களே சொல்லிவிட்டார்கள்" என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்படி அவர்கள் சொல்லவில்லை. நீதிமன்றம் நியமித்த ஏழு பேரும், சன்னங்கள் அந்தத் துவக்கிலிருந்துதான் வந்தன என்று உறுதிப்படுத்த முடியவில்லை என்றார்கள். இரண்டாவது துவக்கு இருந்ததற்கும் ஆதாரம் காணவில்லை என்றார்கள். தம்பி முதல் பாதியோடு நிறுத்திவிட்டார்.

ஏன் முடியவில்லை? சன்னத்தில் கீறல் விழுவது குழலின் உட்சுவரால். அந்த .22 சுழல் துவக்கின் குழலுக்குள் ஈயம் அப்பிக் கிடந்தது. அப்படிப்பட்ட குழலில் புதிதாகச் சுட்டுப் பார்த்தால், 1968இல் விழுந்த நுண்கீறல் திரும்ப வரும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் இங்கே நடக்கிறது. "7.62 கோது கிடந்தது, ஆள் பிடிபட்டான்" என்கிறார் இன்னொருவர். (கோது என்பது சுட்டபின் வெளியே விழும் வெற்று உறை; 7.62 என்பது மில்லிமீற்றரில் சன்னத்தின் விட்டம்.) வன்னியில் காணி துப்புரவாக்கினவர்களைக் கேளுங்கள், மண்வெட்டியில் எத்தனை கோது தட்டுப்படுகிறது என்று. (கையால் எடுக்காதீர்கள், அது வேறு கதை.) அந்தக் கோது போடும் ரி-56 துவக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே விட்டம், குழலுக்குள் அதே நான்கு பள்ளம், அதே வலப்பக்க முறுக்கு. அது துவக்கின் வகையைத்தான் சொல்லும். குறிப்பிட்ட ஒரு துவக்கைச் சொல்ல, கோதின் அடியில் ஊசி குத்திய தடத்தை நுணுக்குக்காட்டியில் ஒப்பிட வேண்டும். துரு தின்ற கோதில் அதுவும் சந்தேகம்.

சரி, கென்னடி வழக்கில் சந்தேகம் எழுப்பத்தான் வேண்டுமென்றால் பிரேத பரிசோதனையைப் பிடியுங்கள். மிகக் கிட்ட இருந்து, பின்பக்கமாகச் சுடப்பட்டது என்றார் அந்தப் பரிசோதனையைச் செய்த மருத்துவர் தோமஸ் நொகுச்சி. சிர்ஹான் முன்னால் நின்றதாகச் சாட்சிகள் பலர் சொன்னார்கள். அந்த முரண்பாடு பேசத் தகுந்தது.