பின்வரிசையிலிருந்து கேட்ட 1959

டிசம்பர் வந்துவிட்டால் இசைத்துறை நண்பர்கள் ஒவ்வொருவராக ‘இந்த ஆண்டில் எனக்குப் பிடித்த ஆல்பங்கள்’ என்று பட்டியல் போட ஆரம்பிப்பார்கள். ஒன்று விடாமல் படிப்பேன். நாலைந்தைக் குறித்து வைத்துக்கொண்டு தேடிக் கேட்பேன். ‘உன் பட்டியல் எங்கேப்பா?’ என்று இந்த முறையும் சிலர் கேட்டுவிட்டார்கள். என் பட்டியல் ஒரே ஒரு ஆண்டுக்கானது, அந்த ஆண்டு மாறுவதே இல்லை. 1959.

நான்கு ஜாஸ் ஆல்பங்கள். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, சார்லஸ் மிங்கஸின் ‘மிங்கஸ் ஆ உம்’, டேவ் ப்ரூபெக் குழுவின் ‘டைம் அவுட்’, ஆர்னெட் கோல்மனின் ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’. நான்கும் அந்த ஒரே ஆண்டில் பதிவாகி அந்த ஆண்டிலேயே வெளிவந்தவை. முதல் மூன்றும் பதிவானது ஒரே கூடத்தில்: நியூயார்க் 30ஆவது தெருவில், முன்பு தேவாலயமாக இருந்த கட்டடத்தில் கொலம்பியா இசைத்தட்டு கம்பெனி நடத்திய ஸ்டுடியோ. மார்ச், ஏப்ரலில் மைல்ஸ் அங்கே வாசித்துவிட்டுப் போகிறார். மே மாதம் மிங்கஸ் வருகிறார். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை ப்ரூபெக். அந்த உயரமான கூரைக்குக் கீழே சிம்பலை (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு) தட்டினால் அந்த ஓசை எப்படி மேலே போய் விரிந்து இறங்குகிறது என்பதை இந்த மூன்று ஆல்பங்களிலும் காதால் பார்க்கலாம்.

இந்த நான்கைப் பற்றியும் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முன்னால் நின்று ஊதுகிறவர்களைப் பற்றியே எழுதுகிறார்கள். மைல்ஸின் டிரம்பெட், கோல்மனின் சாக்ஸபோன், ப்ரூபெக் குழுவின் பால் டெஸ்மண்டின் சாக்ஸபோன். நான் டிரம்ஸ் வாசிப்பவன், சின்ன வயதில் மிருதங்கம் பயின்றவன். என் காது பின்வரிசைக்குத்தான் போகும். அங்கிருந்து கேட்டுச் சொல்கிறேன்: 1959இல் ஜாஸ் இசை அடைந்த விடுதலையைச் சுமந்தவர்கள் டிரம்ஸிலும் பாஸிலும் (அடிஸ்வரம் தரும் பெரிய தந்தி வாத்தியம்) இருந்தவர்கள்தான். அவர்கள் பெயரைச் சொல்லாமல் அந்த ஆண்டைப் பற்றிப் பேசுவது எனக்கு நியாயமாகவே படவில்லை.

காரணம் இருக்கிறது. 1940களில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் கொண்டுவந்த பீபாப் பாணியில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) சரசரவென்று மாறும். சோலோ வாசிப்பவர் ஒவ்வொரு கார்டையும் பிடித்துப் பிடித்துத் தாண்ட வேண்டும். பத்துப் பதினைந்து வருடம் அதையே செய்த பிறகு பலருக்கும் மூச்சு முட்டியது. ஆளுக்கொரு வழியில் வெளியே வந்தார்கள். மைல்ஸ் கார்டுகளைக் குறைத்தார். கோல்மன் அவற்றைக் கழற்றியே வைத்துவிட்டார். ப்ரூபெக் தாளத்தை மாற்றினார். மிங்கஸ் தேவாலயத்தையும் ப்ளூஸையும் தெருக்கோபத்தையும் ஒன்றாக உள்ளே இழுத்தார்.

கார்டுகள் அடிக்கடி மாறும்போது கேட்பவருக்குப் பாட்டில் எங்கே இருக்கிறோம் என்று அவையே சொல்லிவிடும். அவற்றை எடுத்துவிட்டால் யார் சொல்வது? டிரம்மரும் பாஸ் வாசிப்பவரும்தான். மேலே சுதந்திரம் கூடக் கூட, கீழே பொறுப்பு கூடியது. அந்த ஆண்டின் கதையே இதுதான் என்பேன்.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் ‘சோ வாட்’ எடுத்துக்கொள்ளுங்கள். 16 பார் (நாலு எண்ணிக்கை ஒரு பார்) ஒரே ஸ்வரவரிசை, அடுத்த 8 பார் அதையே அரை ஸ்வரம் மேலே, பிறகு 8 பார் பழைய இடம். அவ்வளவுதான் பாட்டு. மேற்கில் டோரியன் என்று சொல்லும் அந்த வரிசை நமக்குக் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள். (ஸ்வரங்கள் மட்டும்தான். கமகமும் பிடிகளும் இல்லாமல் அதை ராகம் என்று சொல்ல மாட்டேன்.) மெட்டைச் சொல்வது பால் சேம்பர்ஸின் பாஸ். ஊதுகிறவர்கள் இரண்டே ஸ்வரத்தில் அதற்குப் பதில் சொல்கிறார்கள். மெட்டு முடிந்து மைல்ஸின் சோலோ தொடங்கும் இடத்தில் டிரம்மர் ஜிம்மி காப் சிம்பலில் ஒரு அடி கொடுப்பார். அந்த ஒரு அடி கார்வையாக நீண்டு நீண்டு, மைல்ஸின் முதல் சொற்களுக்கு அடியில் தரை விரித்துவிட்டு மெல்லக் கரையும். அதற்குப் பிறகு காப் தாளத்தை நடத்தும் ரைடு சிம்பலை ஓட்டிக்கொண்டே இருக்கிறார். சீராக ஓடும் நடையை நாம் சர்வலகு என்கிறோமே, அதுதான். கணக்கு இல்லை, சாமர்த்தியம் காட்டவில்லை. இளம் டிரம்மர்களிடம் நான் இதைப் போட்டுக் காட்டினால் ‘இதில் என்ன சார் இருக்கு?’ என்பார்கள். முழுப் பாட்டுக்கும் அப்படியே, அந்த எடையில், அந்த நிதானத்தில் வாசித்துப் பார் என்பேன். பாதியில் கை தானாக எதையாவது நிரப்பப் பார்க்கும்.

இதே ஆல்பத்தில் சாக்ஸபோன் வாசித்த ஜான் கோல்ட்ரேனைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏப்ரல் 22 அன்று மைல்ஸுடன் இந்த ஆல்பத்தின் இரண்டாவது ரெக்கார்டிங். மே 4, 5 தேதிகளில் அதே மனிதர் ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ வாசிக்கிறார், மூன்று சுருதிகளுக்கு நடுவே கார்டுகள் தலைதெறிக்க ஓடும் பாட்டு. குறைந்த கார்டுகளின் உச்சமும் கூடுதல் கார்டுகளின் உச்சமும் ஒருவரிடமிருந்தே, இரண்டு வார இடைவெளியில். அந்த ஆல்பம் 1960இல்தான் வெளிவந்தது, அதனால் என் பட்டியலில் இல்லை. மனசு வரவில்லை, ஆனாலும் விதி விதிதான்.

‘டைம் அவுட்’டுக்கும் நம்மூருக்கும் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. 1958இல் அமெரிக்க அரசு அனுப்பிய சுற்றுப்பயணத்தில் ப்ரூபெக் குழு துருக்கிக்கும் இந்தியாவுக்கும் வந்தது. மெட்ராஸில் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையுடன் வாசித்தார்கள். ப்ரூபெக்கின் டிரம்மர் ஜோ மொரெல்லோ ஒருபக்கம், இடக்கை வாசிப்பில் அந்தத் தேன் போன்ற நாதம் எடுத்த பழனி மறுபக்கம். அந்தச் சந்திப்பை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும். அதற்காக ஆல்பத்தில் உள்ள ‘டேக் ஃபைவ்’ இங்கிருந்துதான் போனது என்று மார்தட்டிக்கொள்ள நான் தயாரில்லை. மொரெல்லோ ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் வாசித்துக் காட்டுவதைக் கேட்டுத்தான் டெஸ்மண்ட் அந்த மெட்டைப் போட்டார். இன்னொரு பாட்டான ‘ப்ளூ ரோண்டோ’வின் 2+2+2+3 என்ற ஒன்பது எண்ணிக்கைத் தாளம் துருக்கித் தெருக்கலைஞர்களிடம் ப்ரூபெக் கேட்டது. அவரவர்க்கு உரியது அவரவர்க்கு.

நம் ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்ட சாபு 2+3 என்று நடக்கும். ‘டேக் ஃபைவ்’ 3+2. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் நடை வேறு, சாய்மானம் வேறு. மொரெல்லோவின் சோலோவில் பியானோ ஐந்தை விடாமல் வைத்துக்கொண்டிருக்கும், கச்சேரியில் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டுக் கொடுப்பவரைப் போல. அதன்மேல் மொரெல்லோ இரண்டு அடி அடிப்பார், நிறுத்துவார், டிரம் அடங்கும்வரை காத்திருப்பார், பிறகு இன்னொன்று. நம் தனி ஆவர்த்தனம் படிப்படியாக ஏறி மோரா, கோர்வை என்ற முத்தாய்ப்புகளுக்குப் போய்ச் சேரும். மொரெல்லோ எங்கேயும் ஏறவே இல்லை. அந்தக் கூடத்தின் மௌனத்தையும் ஒரு வாத்தியமாகச் சேர்த்துக்கொள்கிறார். இருந்தும் என் நான்கில் இதற்கு நான்காவது இடம்தான். ஒன்பதும் ஐந்தும் நம் காதுக்குப் புதிதில்லை என்பது ஒரு காரணம். பாட்டுக்கு ஒரு யோசனை என்று அழகாகச் செய்து முடித்துவிடுகிறார்கள், திரும்பத் திரும்பத் தோண்டுவதற்கு மற்ற மூன்றில் இருக்கும் ஆழம் எனக்கு இதில் கிடைக்கவில்லை என்பது இன்னொன்று.

மூன்றாவது ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. சண்டைக்கு வராதீர்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது கோல்மன். இது மட்டும் நியூயார்க்கில் பதிவானதில்லை, மே 22 அன்று ஹாலிவுட்டில். பிளாஸ்டிக்கில் செய்த ஆல்டோ சாக்ஸபோன் கோல்மனிடம். டான் செர்ரி கையில் குட்டி டிரம்பெட். பியானோ கிடையாது. கார்டு பிடித்துக் கொடுக்க யாருமே இல்லை என்று பொருள். முதல் பாட்டு ‘லோன்லி வுமன்’. சார்லி ஹேடன் பாஸில் இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டிக்கொண்டு ஆரம்பிக்கிறார், கிட்டத்தட்ட தம்பூரா மாதிரி. பில்லி ஹிக்கின்ஸ் ரைடு சிம்பலில் துரித காலத்தில் ஓடுகிறார். இவர்கள் இப்படி ஓடிக்கொண்டிருக்க, மேலே கோல்மனும் செர்ரியும் விளம்பத்தில் ஒரு புலம்பலை எடுக்கிறார்கள். அந்த மெட்டு கீழே ஓடும் காலத்துக்குக் கட்டுப்படவே இல்லை. சொற்றொடர் முடியும்போது மூச்சு விடுகிறார்கள், மூச்சு வந்த பிறகு அடுத்ததை எடுக்கிறார்கள்.

ஹிக்கின்ஸ் என்ன செய்கிறார் என்று மட்டும் ஒரு முறை கேளுங்கள். மேலே இருப்பவர்களை அவர் துரத்தவில்லை, இழுத்துப் பிடிக்கவும் இல்லை. சத்தமே போடாமல் அவ்வளவு வேகம். வேகமாக வாசிப்பவர்களுக்குக் கை தானாகப் பலமாக விழும், எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஹிக்கின்ஸின் குச்சி சிம்பலைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. அந்த வேகம் பதற்றமாகக் கேட்காமல் உள்ளே துடிக்கும் நாடியாகக் கேட்கிறது. அதனால்தான் மேலே அந்தப் புலம்பல் அவ்வளவு தனிமையில் நிற்கிறது. கோல்மன் நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வாசிக்க ஆரம்பித்தபோது ஊரே இரண்டாகப் பிரிந்தது. இது இசையே இல்லை என்றவர்களும் உண்டு. பின்வரிசையில் இருந்த இருவரைக் கவனித்திருந்தால் இது எவ்வளவு ஒழுங்கான இசை என்று புரிந்திருக்கும்.

முதலிடம் மிங்கஸுக்கு.

இங்கே தலைவரே பின்வரிசைக்காரர். பாஸ் வாசிப்பவர் குழுவை நடத்துகிறார். அவருக்கு இந்தப் பக்கம் டேனி ரிச்மண்ட், சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்து இருபது வயதுக்கு மேல் டிரம்ஸுக்கு வந்தவர். மிங்கஸ் தன் பாட்டுகளை எழுதிக் கொடுப்பதைவிட வாசித்தும் பாடியும் காட்டிக் காதில் ஏற்றுவதையே விரும்பினார். குருவின் முன்னால் உட்கார்ந்து பாடம் வாங்கிய எனக்கு இது நெருக்கமான விஷயம். காகிதத்தில் இருந்து வாசிப்பவர்களும் காதில் இருந்து வாசிப்பவர்களும் ஒரே ஸ்வரத்தை வாசித்தாலும் ஒன்றாகக் கேட்காது.

‘பெட்டர் கிட் இட் இன் யுவர் ஸோல்’ ஆறில் துள்ளும் பாட்டு. மிங்கஸ் சிறுவயதில் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் போன தேவாலயத்தின் கூச்சல் அப்படியே இருக்கிறது. நடுவில் கைதட்டலைத் துணையாக வைத்துக்கொண்டு சாக்ஸபோன் போகும், மிங்கஸ் மைக்குக்கு அப்பாலிருந்து கத்துவார். அடுத்து வருவது ‘குட்பை போர்க் பை ஹேட்’. சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங் மார்ச் 15இல் இறந்துபோனார். இரண்டு மாதத்துக்குள் அவருக்காக மிங்கஸ் ரெக்கார்ட் செய்த இரங்கல் இது. பாட்டின் பெயர் லெஸ்டர் அணிந்திருந்த தொப்பி. அந்த உற்சாகத்தைக் கேட்ட காதோடு இந்தத் துக்கத்துக்குள் போகும்போது, இரண்டுக்கும் ரிச்மண்ட்தான் வாசிக்கிறார் என்பதை நம்பவே கடினமாக இருக்கும்.

பிறகு ‘ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்’. 1957இல் அர்கன்சாஸ் மாநிலம் லிட்டில் ராக் ஊரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையாமல் தடுக்கப் படையை நிறுத்திய ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ். அவரைக் கேலி செய்யும் பாட்டு. வரிகளைப் பாட கொலம்பியா விடவில்லை, வாத்தியம் மட்டும்தான் பதிவாயிற்று. அடுத்த ஆண்டு வேறு கம்பெனியில் வரிகளோடு வாசித்தார்கள். அதில் மிங்கஸ் கேள்வி கேட்கக் கேட்க, டிரம்ஸில் உட்கார்ந்தபடியே பதில் சொல்வது ரிச்மண்ட். எனக்கு இது பெரிய விஷயம். பக்கவாத்தியக்காரர் என்று ஓரமாக உட்கார வைக்கப்படுகிறவர் வாயைத் திறந்து ஆளுநரின் பெயரைச் சொல்கிறார்.

அந்த ஆண்டில் இந்தக் கோபம் தேவைப்பட்டது. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆகஸ்ட் 17இல் வெளிவந்தது. ஆகஸ்ட் 25 இரவு, தான் வாசித்துக்கொண்டிருந்த பேர்ட்லேண்ட் கிளப்பின் வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற மைல்ஸை நகரச் சொல்லி, நகராததற்காகப் போலீஸ் மண்டையில் அடித்தது. அவ்வளவு அமைதியான இசையைக் கொடுத்த மனிதரின் சட்டையில் ரத்தம். மைல்ஸின் ஆல்பத்தில் அந்த நியூயார்க் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அதன் அழகு வேறு. மிங்கஸின் ஆல்பத்தில் அது இருக்கிறது. பக்தி, துக்கம், கேலி, கோபம் எல்லாவற்றையும் ஒரே எல்பிக்குள் வைத்து, தாளத்தை நினைத்த இடத்தில் மாற்றி, இவ்வளவையும் பின்வரிசையிலிருந்தே நடத்திக்காட்டினார். இதனால்தான் வரிசையில் மைல்ஸுக்கு முன்னால் மிங்கஸை வைக்கிறேன்.

கேட்கப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ‘மிங்கஸ் ஆ உம்’ முதலில் வந்தபோது எல்பியில் அடங்குவதற்காகப் பல பாட்டுகளில் சோலோக்களை வெட்டினார்கள். பிற்கால மறுபதிப்புகளில் அவை முழுசாக உள்ளன, அந்தப் பதிப்பைத் தேடுங்கள். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் பக்கம் டேப் மெஷினின் வேகக் கோளாறால் பல ஆண்டுகள் சற்றே உயர்ந்த சுருதியில் வந்துகொண்டிருந்தது, 1992இல்தான் சரிசெய்தார்கள். பழைய எல்பியோடு கூடவே வாசித்துப் பார்ப்பவர்கள் சுருதி சேரவில்லையே என்று உங்கள் வாத்தியத்தைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம்.

மைல்ஸ் ரசிகர்கள் கமெண்டில் வாருங்கள், பேசுவோம். ஒரே வேண்டுகோள்: வரும் முன் ‘சோ வாட்’டை ஒரு முறை ஜிம்மி காப்புக்காக மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.