டாக்டர் பட்டமும் குழந்தை உளவியல் பயிற்சியும்

ஐயா, பள்ளி உளவியலையும் குழந்தைகளுக்கான சிகிச்சை உளவியலையும் இணைத்து அமெரிக்காவில் தரும் டாக்டர் பட்டம் வெறும் ஆய்வேடுதான் என்றும், அது இல்லாதவர் கோலாலம்பூரில் குழந்தைகளைப் பார்க்க முடியாது என்றும் நீங்கள் எழுதியிருப்பது இரண்டுமே தவறு. 1968இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தொழில்முறை உளவியல் டாக்டர் பட்டத்தின் வழிவந்த இப்படிப்பில், மாணவர் பள்ளியிலும் சிகிச்சையகத்திலும் களப்பயிற்சி பெற்று, பிறகு ஓராண்டு முழுநேரப் பயிற்சியும் முடிக்க வேண்டும். திறனறி சோதனையில் ஏழு வயதுப் பிள்ளை கட்டைகளை அடுக்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் குறிப்பதோடு, அது பதில் சொல்லுமுன் கதவைத் திரும்பிப் பார்த்ததையும் எழுதி, மேற்பார்வையாளரிடம் காட்டுவதும் (பெற்றோர் கண்ணில் படாத உழைப்பு இது) அதில் அடங்கும். மலேசியாவில் சிகிச்சை உளவியலாளருக்கு வழக்கமான நுழைவுத் தகுதி, மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி அடங்கிய முதுகலைப் பட்டமே. இத்தொழில் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் வருகிறது. ஆய்வுக்கான முனைவர் பட்டம் மட்டும் ஒருவரைச் சிகிச்சை உளவியலாளர் ஆக்கிவிடாது.