49 சதவீதம் என்பது படுக்கைக் கணக்கு அல்ல

"இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் 49% படுக்கை பணம் கட்டுவோருக்கு விற்பனை" என்று உங்கள் பதிவில் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் படுக்கையைப் பற்றியதே அல்ல. இங்கிலாந்தின் 2012 சுகாதாரச் சட்டம் சொல்வது இதுதான்: ஃபவுண்டேஷன் டிரஸ்ட் (ஓரளவு தன்னாட்சி உள்ள அரசு மருத்துவமனை அமைப்பு) ஒன்று என்.எச்.எஸ். எனும் அரசுப் பொது மருத்துவச் சேவையால் ஈட்டும் வருமானம், மற்ற சேவைகளால் வருவதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 49 என்பது அதிலிருந்து பிறந்த உச்சவரம்பு. எட்டியே ஆக வேண்டிய இலக்கு இல்லை.

இன்னொரு பூட்டும் உண்டு. என்.எச்.எஸ். அல்லாத வெளி வருமானத்தின் பங்கை ஓராண்டில் 5 சதவீதப் புள்ளியோ அதற்கு மேலோ உயர்த்தும் திட்டம் (2 சதவீதம் 7 ஆவதுபோல) என்றால், வாக்களிக்கும் கவர்னர்களில் (டிரஸ்டை மேற்பார்வையிடும் குழுவினரில்) பாதிக்கு மேற்பட்டோர் சம்மதிக்க வேண்டும். இதை யாருமே எடுத்துச் சொல்வதில்லை.

வரவை லாபமாக எண்ணுவதுதான் பெரிய பிழை. பணம் கட்டும் தனியார் நோயாளியின் பில்லில் ஆபரேஷன் தியேட்டர் நேரம், நர்ஸ் சம்பளம், மருந்து, வசூலாகாத பாக்கி எல்லாம் கழிய வேண்டும். பொது நோயாளிக்கான தியேட்டர் நேரம் தனியார் நோயாளிக்குப் போனால், காத்திருப்புப் பட்டியல் நீளும். அந்த நஷ்டம் எந்தக் கணக்கேட்டிலும் வராது. உங்கள் கோபத்துக்கு நியாயமான இடம் அதுதான்.

மருத்துவமனைப் பார்க்கிங் கட்டணம் "பிரிட்டன் முழுக்க" உண்டு என்று நீங்கள் எழுதியதும் தவறு. வேல்ஸும் ஸ்காட்லாந்தும் 2008லேயே பெரும்பாலான மருத்துவமனைகளில் அதை நீக்கிவிட்டன. தனியார் ஒப்பந்தத்தில் சிக்கிய சில இடங்களில்தான் இழுத்தது; ஸ்காட்லாந்தில் கடைசி மூன்று 2021 வரை.