பண்டாரநாயக்கவுக்கு நேர்ந்தது
மதம் அரசியலில் கலந்தால் சிறுபான்மையினர் மட்டுமே பாதிக்கப்படுவர் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை, இலங்கையை நினைத்துப் பார்க்கையில் என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. 1956 தேர்தலில் பௌத்த பிக்குகளின் பிரசார பலத்தோடு ஆட்சியைப் பிடித்த பிரதமர் பண்டாரநாயக்க, தமிழர் பகுதிகளுக்கு ஓரளவு அதிகாரம் பகிர்ந்தளிக்க 1957 ஜூலையில் தமிழர் தலைவர் செல்வநாயகத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை, கொழும்பில் ரோஸ்மீட் பிளேஸ் தெருவிலிருந்த தம் வீட்டின் முன் பிக்குகள் வந்து அமர்ந்துகொண்டு நெருக்கியதால் அடுத்த ஏப்ரலிலேயே கைவிட்டார்; கைவிட்டதாக வாயால் சொன்னது போதாதென்று எழுத்திலும் கேட்டு வாங்கினார்கள். அதைத் தொடர்ந்து வந்த 1958 மே மாத இனக்கலவரத்தில் அடிபட்டவர்கள் தமிழர்களே என்பதில் ஐயமில்லை. ஆனால் 1959 செப்டம்பரில், அதே வீட்டின் தாழ்வாரத்தில், தாம் கைகூப்பி வணங்க முற்பட்ட பிக்கு ஒருவரின் துப்பாக்கிக்கே பண்டாரநாயக்கவும் இரையானார். கொலைக்குப் பின்னால் வணிக ஆதாயக் கணக்குகளும் இருந்ததாகச் சொல்லப்படுவது வேறு விஷயம். சதிக்காகத் தண்டிக்கப்பட்ட களனி விகாரைத் தலைமைப் பிக்கு புத்தரக்கித்த, 1956இல் அவருக்காகவே முன்னின்று வாக்குத் திரட்டியவர்.