மானிட்டரை மைக்குக்கு நேர் பின்னால் வைப்பது எல்லா மைக்குக்கும் பொருந்தாது

கோத்தகிரி திறந்தவெளிக் கச்சேரிக்கு "எந்த மைக்கானாலும் மானிட்டரை (பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரை) நேர் பின்னால் வைங்க, ஊளையே வராது" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஊளை என்பது ஸ்பீக்கர் ஒலி மறுபடி மைக்குக்குள் புகுந்து எழும் கூச்சல். பாதிதான் சரி.

ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு (இதய வடிவப் பரப்பில் ஒலி வாங்கும்) மைக்குக்கு அது சரி. அதற்கு முன்முகத்திலிருந்து 180 டிகிரியில், அதாவது வால் பக்கம்தான் மிகக் குறைவாகக் கேட்கும். ஷூரின் பீட்டா 58ஏ மைக் சூப்பர்கார்டியாய்டு, அதாவது முன்பக்கம் இன்னும் குறுகலாகக் கேட்கும் வகை. அதன் செவிட்டுப் பக்கம் சுமார் 125 டிகிரியில் இருக்கிறது. நேர் பின்னால் கொஞ்சம் காது உண்டு, அங்கே ஏறக்குறைய 12 டெசிபல்தான் குறையும். ஆகவே இந்த மைக்கை ஸ்டாண்டில் வாயளவு உயரத்தில் படுக்கையாக விடுங்கள். ஒரு மீட்டர் முன்னால் தரையில் இருக்கும் மானிட்டர் தானாகவே அந்தக் கோணத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். எஸ்எம்58-க்குச் செய்வதுபோல வாலை மானிட்டரைப் பார்த்துச் சரித்தால்தான் வம்பு. பாடகர் மைக்கின் வலைக்கூண்டைக் கையால் பொத்திப் பிடித்தால் இந்தக் கணக்கு எதுவுமே செல்லாது.

அடுத்தது, மதியம் 20 டிகிரி செல்சியஸில் செய்த ஈக்யூ (அலைவரிசைவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சரிசெய்தல்) இரவுக்கும் போதும் என்பது. அதுவும் சரியில்லை. இரவில் 8 டிகிரிக்கு இறங்கினால் ஒலி வேகம் நொடிக்கு 343 மீட்டரிலிருந்து 336-க்கு வரும். ஊளையிடும் அலைவரிசையும் சற்றே நகரலாம். ஒரே அலைவரிசையை ஊசிபோல் வெட்டிய நாட்ச் அதைத் தவறவிடலாம். மேடை ஏறுமுன் ப்ரீ-ஃபேடர் ஆக்ஸை (மிக்சரில் மானிட்டருக்குத் தனியாக ஒலி அனுப்பும் குமிழை) மெல்ல ஏற்றி, முனகும் இடத்தில் 3 டெசிபல் வெட்டுங்கள். மூன்று நான்கு வெட்டுக்கு மேல் வேண்டாம், குரல் சப்பென்றாகிவிடும். பிறகு ஆக்ஸை 6 டெசிபல் இறக்கி வையுங்கள்.