ஒரு கரண்டி குழம்பு 138 ரூபாய் 60 காசு

இன்னைக்குக் காலையில பல்லுகூட விளக்கல, ராத்திரி சாப்பிட்ட ஹோட்டல்லேர்ந்து போன்ல மெசேஜ். "நேற்றைய விருந்து எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரம் கொடுங்கள். அடுத்த முறை டெசர்ட் இலவசம்." ராத்திரி முழுக்க அடக்கி வச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். அவங்களா வந்து வாயக் கிளறிட்டாங்க.

எந்த மாதிரிக் கடைன்னு உங்களுக்கு விளக்க வேண்டியதில்ல. தஞ்சாவூர் பைபாஸ் பக்கம், மஞ்ச லைட்டு, வாசல்ல சாத்தி வச்ச மாட்டுவண்டிச் சக்கரம், பூசாத செங்கல் சுவரு. (நாங்க காசில்லாம பூசாம விட்டா தரித்திரம், அவங்க விட்டா டிசைன்.) போர்டுல கொட்டை எழுத்துல "மாடர்ன் இந்தியன் கர்ரி". ஆமா, தமிழ்ல, கர்ரி. வெள்ளைக்காரன் நம்ம கறியைத் தூக்கிட்டுப் போய் கர்ரி ஆக்கினான், 1747-லயே லண்டன்ல அச்சுப் போட்ட சமையல் புஸ்தகத்துல அதுக்குச் செய்முறை வந்தாச்சு, போகட்டும். அது அங்கேயே சௌக்கியமா இருந்திருக்கலாம்ல? கட்டிக்கொடுத்த பொண்ணு ஊர் திரும்பி வந்து, பெத்தவளைப் பார்த்து "ஹலோ ஆன்ட்டி"ன்னு சொன்னா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு அந்த போர்டு. எங்க பக்கம் கறின்னா சில வீட்ல வாழைக்காய், சில வீட்ல ஆடு. ஊத்திச் சாப்பிடுறதுக்குப் பேரு குழம்பு. இதுல ஒருத்தருக்கும் இதுவரைக்கும் சந்தேகம் வந்ததில்ல.

மச்சினன் பெங்களூர்லேர்ந்து வந்திருந்தான். "அத்தான், வீடியோவெல்லாம் போட்டிருக்காங்க, ஒருதடவை போய்ப் பாப்போம்"னான். நான், என் சம்சாரம், பொண்ணு, மச்சினன், அம்மாபேட்டை அத்தை. அத்தைக்கு 74 வயசு. வெண்ணாத்து விரால் மீன்ல குழம்பு வச்சா மறுநாள் சட்டியை வழிச்சுச் சாப்பிட ஆள் வரும். அந்த அத்தையைக் கூட்டிட்டுப் போனதுதான் என் தப்பு. இல்ல, அதுதான் நான் பண்ணின ஒரே சரியான காரியம்னும் இப்ப தோணுது.

மெனு கார்டு கேட்டா மேஜையில ஒட்டியிருந்த கட்டத்தைக் காட்டுனாங்க. ஸ்கேன் பண்ணணுமாம். உள்ள டவர் இல்ல. நான் எழுந்து போய் வண்டிச் சக்கரத்துகிட்ட நின்னு மெனுவை இறக்கிட்டு வந்தேன். அத்தை, "ஏம்ப்பா, வெளியில போய்ச் சீட்டு வாங்கிட்டு வரணுமா?"ன்னு கேட்டாங்க. கிட்டத்தட்ட அப்படித்தான் அத்தை.

கடப்பா ஒண்ணு சொன்னோம், இட்லிக்குத் தொட்டுக்குவோமே, அது. கும்பகோணம் கடப்பாவையே பிரிச்சு மேஞ்சு புதுசா ஆக்கியிருக்காங்களாம். கறுப்புக் கல்லு மேல ஒரு ஓரம் நாலு உருளைக்கிழங்கு, எதிர் ஓரம் வெந்த பாசிப்பருப்பு ஒரு உருண்டை, நடுவுல தேங்காய், சோம்பு வாசனையோட நுரை. நுரைன்னா நிஜமாவே நுரைங்க, துணி அலசின தண்ணியில மிதக்குமே, அது. அத்தை கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு, "பாவம், கலக்க மறந்துட்டாங்க"ன்னாங்க. 295 ரூபா. ரசவாங்கி, மட்டன் பத்தியெல்லாம் எழுத ஆரம்பிச்சா விஷயத்துக்கு வர விடிஞ்சுடும். விஷயம் விரால்.

விரால் மீன் கர்ரி 485. அகலமா ஒரு தட்டு, நம்ம வீட்டு முறம் அளவுக்கு. நடுவுல ரெண்டு துண்டு மீன். பக்கத்துல, சுண்ணாம்பு அடிக்கிறவரு பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுத்தாப்ல குழம்பு. கோடுங்க. குழம்பு ஒரு கோடா இருந்துச்சு. தொட்டுக்கத் தனியாச் சோறு வாங்கணும், கிண்ணம் 190, மூணு வாங்கினோம். அதுலயும் பாஸ்மதி. பொன்னிங்கிறது காவிரிக்கு இன்னொரு பேரு, அந்தப் பேரையே அரிசிக்கும் வச்சுச் சாப்பிடுற ஊரு இது. சுத்தி எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல்லு. அங்க உக்காந்துக்கிட்டு, இமயமலை அடிவாரத்து அரிசியை நான் 190 ரூபாய்க்கு வாங்கணும். அது நல்ல அரிசிதான், குத்தம் சொல்லல, பிரியாணிக்குப் பிறந்தது. குழம்பு ஊத்தினா ஒட்டாம, சம்பந்தி வீட்ல உக்காந்த மாதிரி விறைப்பா நிக்கும்.

ரெண்டு கவளத்துல கோடு காலி. சோறு முக்காக் கிண்ணம் நிக்குது. நான் சர்வர் பையனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, கொஞ்சம் குழம்பு ஊத்துப்பா."

முழிச்சான்.

"குழம்புப்பா. மீன் குழம்பு. கொஞ்சூண்டு."

"கிரேவியா சார்?"

"சரி, கிரேவி."

"எக்ஸ்ட்ரா கிரேவியா சார்?"

"எக்ஸ்ட்ரா இல்லப்பா. இருக்கிற சோத்துக்குத்தான்."

"அதான் சார் எக்ஸ்ட்ரா."

நான் வாயை மூடிட்டேன். அவன் சொன்னதுல எங்க தப்புன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன். பையன் மேல எனக்குக் கோவம் கிடையாது, முகத்தைப் பாத்தா மத்தியானத்துலேர்ந்து உக்காரவே விடலன்னு தெரிஞ்சது. அவன் போய் கேப்டனைக் கூட்டிட்டு வந்தான். கேப்டன்னா கையில டேப் வச்சிருக்கிறவரு. "சார், போர்ஷன் கன்ட்ரோல் சார். எக்ஸ்ட்ரா கிரேவி தனி ஆர்டரா போடணும்." போடுங்கய்யா. டேப்புல அவரு தேடுறாரு, தேடுறாரு, கிரேவி அந்த டேப்புல இல்ல. மேனேஜர் வந்து ஒரு பாஸ்வேர்டு அடிச்சாரு. ஒரு கரண்டி குழம்புக்கு பாஸ்வேர்டு! கல்லணை மதகைத் தூக்கக்கூட இவ்வளவு பேரு கையெழுத்துப் போடுவாங்களான்னு தெரியல.

சரி, வரும்னு உக்காந்திருந்தோம். இங்கதான் அத்தையைப் பத்திச் சொல்லணும். அவங்க கையால பிசைஞ்சு சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. பாதிச் சாப்பாட்டுல கை கழுவ மாட்டாங்க, கழுவினா எழுந்துட்டதா அர்த்தம். இடது கையில கன்னத்தைத் தாங்கிக்கிட்டு, வலது கையைத் தட்டுக்கு மேல தூக்கி, விரலை லேசா மடக்கி வச்சுக்கிட்டு, 22 நிமிஷம். நான் கடிகாரம் பாத்தேன். விரல்ல இருந்த மசாலா முதல்ல காஞ்சுது, அப்புறம் வெளுத்துது, அப்புறம் விரல் கணுவுல கோடு கோடா வெடிச்சுது, தண்ணி வராத வருஷத்து வயலாட்டம். எங்க ஊர்க்காரனுக்குக் காத்திருக்கிறது புதுசு இல்லீங்க. ஆனா மேட்டூர் அணையைத் திறக்க ஜூன் 12-னு ஒரு தேதியாவது இருக்கு. சில வருஷம் தள்ளிப்போகும், ஏன் தள்ளிப்போச்சுன்னு பேப்பர்லயாவது போடுவாங்க. முறைப்பாசனம் வச்சாலும் எத்தனை நாள் தண்ணி, எத்தனை நாள் அடைப்புன்னு முன்கூட்டியே சொல்லிடுவாங்க. இந்தக் குழம்புக்கு நாங்க கடைமடை, வாய்க்காலோட கடைசி வயல். எப்ப வரும்னு கேக்க ஆளே இல்ல.

நடுவுல பையன் ஒருதடவை வந்தான். வெறுங்கையோட.

"சார், கிச்சன்ல கேக்குறாங்க. ரெட் கிரேவியா, பிரவுன் கிரேவியா, ஒயிட் கிரேவியா?"

இப்பப் புரிஞ்சுதா? மூணு அண்டாவுல மூணு கலர்ல காலையிலயே ஆக்கி வச்சிடுறது. தக்காளி போட்டது சிவப்பு, வெங்காயம் வதக்கினது பிரவுன், முந்திரி அரைச்சது வெள்ளை. ஆர்டர் வந்தா அதுல கோழியைப் போட்டா கோழி கர்ரி, பன்னீரைப் போட்டா பன்னீர் கர்ரி, விராலைப் போட்டா டெல்டா ஸ்பெஷல். மீன் அந்தக் குழம்புல கொதிக்கவே இல்ல. ரெண்டு பேருக்கும் தட்டுலதான் முதல் சந்திப்பு. அப்புறம் எப்படி மீன் குழம்பு இன்னும் கொஞ்சம் வரும்? மீன் குழம்புன்னு ஒண்ணு அந்தக் கட்டடத்துலயே கிடையாது.

"மீன்ல என்ன போட்டீங்களோ அதே"ன்னேன். ரெட்டு வந்துச்சு. செம்புல ஒரு குட்டி வாளி, குழந்தைக்குப் பால் புகட்டுற பாலாடை இருக்கே, அதைவிட ஒரு நூல் பெருசு. மேல கிரீம்ல ஒரு சுழி, சுழிக்கு நடுவுல ஒரு கொத்தமல்லி இலை. அத்தை காஞ்ச விரலை அதுல நனைச்சு நாக்குல வச்சாங்க. கண்ணை மூடினாங்க. திறந்தாங்க. "பாயசத்தை ஏம்ப்பா முன்னாடியே கொண்டாந்துட்டாங்க?"

என் பொண்ணு சிரிச்ச சிரிப்புல தண்ணி மூக்கு வழியா வந்துச்சு. அந்தத் தண்ணியும் பாட்டில் 80 ரூபா.

நம்ம மெஸ்ஸுல பாத்திருப்பீங்களே, குழம்பு வாளியைத் தூக்கிட்டு ஒரு அண்ணன் வருவாரு. இலைக்குக் குறுக்க கையை நீட்டி "போதும் போதும்"னா, விரல் சந்துல ஊத்திட்டுப் போவாரு. குழம்புக்காக நாம சண்டை போட்டதே வேணாம்னு சொல்லத்தான். வேணும்னு கெஞ்சுற நிலைமை இந்த ஜென்மத்துல வரும்னு நான் நினைக்கல.

பில்லு வந்துச்சு. சாப்பாடு 2450, அதுல கிரேவி 120. அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 245. ரெண்டையும் கூட்டி 2695-க்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். நான் கால்குலேட்டரை எடுத்தேன். சம்சாரம் காலை மிதிச்சா. விடல. 120, சர்வீஸ் சார்ஜோட 132, வரியோட 138 ரூபாய் 60 காசு. ஒரு கரண்டி. 22 நிமிஷம் காக்க வச்சதுக்குப் பேரு சர்வீஸாம், அதுக்குச் சார்ஜாம், அந்தச் சார்ஜுக்கு வரியாம்.

மேனேஜரைக் கூப்பிட்டு, 2022 ஜூலை 4-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் போட்ட வழிகாட்டுதலைச் சொன்னேன். கேக்காம பில்லுல சர்வீஸ் சார்ஜ் சேக்கக்கூடாது, அதைச் சேத்து மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போடவும் கூடாது. டெல்லி ஹைகோர்ட்டும் 2025 மார்ச்சுல அது சரின்னு சொல்லியாச்சு. நுகர்வோர் புகார் நம்பர் 1915-க்குப் போன் போடவான்னு கேட்டேன். அவரு முகம் மாறவே இல்ல. "அது ஆப்ஷனல்தான் சார், வேணாம்னா எடுத்துடலாம்." அப்ப ஏன்யா போட்டே? திரும்ப டேப், திரும்ப பாஸ்வேர்டு, திரும்ப கால் மணி நேரம். புது பில் 2572 ரூபாய் 50 காசு. கரண்டி 126-க்கு இறங்கிடுச்சு. கரண்டிக்கு 12 ரூபாய் 60 காசு மீட்டுட்டு வந்த வீரன் மாதிரி நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கிறேன், அத்தை கை கழுவுற இடத்துலேர்ந்து கத்துறாங்க, "தம்பி, இங்க குழாயைத் திருகவே முடியல, இதுக்கும் யாராச்சும் வரணுமா?"

அப்பதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. மேனேஜரும் சிரிச்சாரு. என்ன செய்யுறது, அவரும் சம்பளத்துக்கு நிக்கிறவருதானே. மச்சினன் மட்டும் சிரிக்கல. "நான் தர்றேன் அத்தான்"னு போனை எடுத்தான், "அய்யோ, உள்ள டவர் இல்லையே"ன்னு வச்சுட்டான். டவர் இல்லாதது அவனுக்காவது உபயோகப்பட்டுச்சு.

வாய் இனிப்பு போகட்டும்னு வர்ற வழியில வண்டியை நிறுத்தினோம். கும்பகோணம் டிகிரி காபின்னு பத்தடிக்கு போர்டு, அதுலயே பித்தளை டபரா டம்ளர் படம். கல்லாவுக்குப் பின்னாடி நிஜ டபராவும் வரிசையா, புளி போட்டு விளக்கினாப்ல மினுமினுன்னு அடுக்கியிருக்கு. காபி பேப்பர் கப்புல வந்துச்சு. டபரா கேட்டேன். "அது ஷோவுக்கு சார்"னாரு.

ஷோவுக்காம். கும்பகோணத்துக்கும் இந்தக் காபிக்கும் என்னய்யா சம்பந்தம், ஊரே இங்கேர்ந்து 40 கிலோமீட்டர், உங்க டிக்காக்‌ஷன் ஒரு பத்து கிலோமீட்டராவது அந்தப் பக்கம் போயிருக்கான்னு ஆரம்பிச்சேன் பாருங்க, சம்சாரம் கார்ல ஏறிக் கதவைச் சாத்திட்டா. டபரா கதையை நாளைக்கு எழுதுறேன். இங்க கரண்ட் வேற போயிடுச்சு.